பழைய ஜீப்பின் ஆக்சில் விகிதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முன்னும் பின்னும் வேறு வேறாக இருக்குமோ என்று சந்தேகம்

போடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு மகிந்திரா சிஜே 3பி வாங்கினேன். பெட்ரோலாக வந்த வண்டி, எப்போதோ டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் பழைய மூன்று கியர்தான். எனக்கு முன்னால் மூன்று கை மாறியிருக்கிறது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றுவதுதான் இதற்கு வேலை.

பிரச்சினை இது. சேற்றில் ஃபோர் வீல் போட்டால் அருமையாக ஏறுகிறது. சேறு முடிந்து சிமெண்டுப் பாதை வந்ததும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி இறுகிவிடுகிறது. லீவரை எடுக்கப் பார்த்தால் வரவே வராது. ரிவர்ஸில் அரை அடி போனால் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் லீவர் தானாக வந்துவிடும். இங்கே உள்ள மெக்கானிக் "சிமெண்டு ரோட்டில் எல்லா ஜீப்பும் அப்படித்தான்" என்கிறார். வளைவில் இறுகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது நேர் பாதையிலேயே முப்பது மீட்டர் போவதற்குள் இறுகுகிறது.

இன்னொன்று. போனில் 60 காட்டும்போது வண்டி மீட்டர் 54 காட்டுகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? ஆக்சிலைப் பிரிக்காமல் விகிதம் கண்டுபிடிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஊட்டி ஜிப்ஸி

எளிய வழி இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். புரபெல்லர் ஷாஃப்ட், அதாவது ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டு, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். அதுதான் விகிதம்.

போடிக்காரன்

இன்று காலை செய்து பார்த்தேன். ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் இரண்டரை சுற்று போகிறது, கொஞ்சம் முன்னே பின்னே. இரண்டரை விகிதத்தில் ஜீப் ஆக்சில் உண்டா? எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

பட்டறை அண்ணன்

தம்பி, விகிதம் இருக்கட்டும். முதலில் ஒன்று கேட்கிறேன். ஜாக்கி போட்டபோது மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்தீர்களா, இல்லை ஹேண்ட் பிரேக்கை நம்பினீர்களா?

இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும், அதைத்தான் பிடிக்கும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை சரி. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கதையே வேறு. ஷாஃப்டைப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், ஆனால் இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரன்ஷியல் வழியாகத் தரையில் உள்ள சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கமும் தாராளமாகச் சுற்றும். அதாவது ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி உருளும்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் இது நடந்தது. லேசான சரிவு, ஹேண்ட் பிரேக் இழுத்தாயிற்று என்ற நம்பிக்கை. ஜாக்கி சாய்ந்து வண்டி நகர்ந்தபோது என் கால் மட்டும்தான் அடியில் இருந்தது, தலை வெளியே இருந்தது. அன்றிலிருந்து எவர் ஜீப்பைத் தூக்கினாலும் கட்டையை என் கையால் வைத்த பிறகுதான் பேச்சே. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு, சாவி உங்கள் சட்டைப்பையில். ஷாஃப்ட் சுற்ற வேண்டும் என்பதால் எண்ணும்போது ஹேண்ட் பிரேக்கை எப்படியும் விட்டாக வேண்டும். ஆகவே கட்டை மட்டும்தான் உங்களுக்குக் காவல்.

இப்போது விகிதம். ஊட்டித் தம்பி பாதி சொல்லிவிட்டார். ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றதை மட்டும் சுற்றினால் உள்ளே கிரவுன், அதாவது ஆக்சிலில் உள்ள பெரிய பல்சக்கரம், பாதிதான் சுற்றும். அதனால் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றி ஷாஃப்டை எண்ண வேண்டும். உங்கள் இரண்டரை என்பது ஐந்து. ஐந்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் 4.88, கொஞ்சம் மேலே இருந்தால் 5.38. நீங்கள் "முன்னே பின்னே" என்று எழுதிய அந்தக் கொஞ்சத்தில்தான் பதிலே இருக்கிறது.

இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கிவிட்டுச் சுற்ற வேண்டாம். ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் ஓடும், கணக்கு எங்கேயோ போய்விடும்.

ஊட்டி ஜிப்ஸி

ஆமாம் அண்ணா, தவறு என்னுடையதுதான். இரண்டு சுற்று என்று எழுதியிருக்க வேண்டும். போடி நண்பர் மன்னிக்கவும்.

நாமக்கல் லாரி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லாரி. நாங்கள் யாரும் 4.88, 5.38 என்று புள்ளி வைத்துப் பேசுவதில்லை. கிரவுன் பினியன் கடையில் போய் 6.83 கொடு என்றால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். 6க்கு 41 என்றால் உடனே எடுத்துத் தருவார். டாடா 1210 காலத்திலிருந்தே 6க்கு 41, 7க்கு 41 என்றுதான் பேச்சு. பினியனில், அதாவது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பல்சக்கரத்தில், 6 பல், கிரவுனில் 41 பல். வகுத்தால் 6.83. பினியனில் ஒரு பல் கூடினால் 5.86. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று.

என் யோசனை, மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணிவிடுங்கள். லாரியில் ஹவுசிங்கிலிருந்து மொத்த டிஃப்ரன்ஷியலையும் இறக்கினால்தான் பல் தெரியும். உங்கள் ஜீப்பில் பின்பக்கம் தனி மூடி இருக்கிறது, பத்து போல்ட்டுதான். கிரவுன் ஓரத்தில் பல் எண்ணிக்கையையே குத்தியிருப்பார்கள், 43 8 என்கிற மாதிரி. ஆர்.சி. புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. மூன்று கை மாறிய வண்டியில் ஆக்சில் மேலே தகடு இருந்தாலும் நம்பாதீர்கள், உள்ளே என்ன மாற்றினார்கள் என்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது.

கணக்கு வாத்தியார்

நானும் ஒரு பழைய ஜீப் வைத்திருப்பவன், மதுரை. பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் நண்பர் சொன்னதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஆக்சில் விகிதம் என்பது அடிப்படையில் தசம எண்ணே இல்லை, இரண்டு முழு எண்கள். 5.38 என்பது 43க்கு 8. 4.88 என்பது 39க்கு 8. இதைப் பிடித்துக்கொண்டால் மூடியைத் திறக்காமலே, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

கிரவுன் 8 முறை சுற்றினால் பினியன் மிகச்சரியாக 43 முறையோ 39 முறையோ சுற்றும். அரை இல்லை, கால் இல்லை, முழுச் சுற்று. ஒரு சக்கரம் தரையில் இருப்பதால் தூக்கிய சக்கரத்தை 16 முறை சுற்ற வேண்டும். செய்யும் முறை:

டயர் வால்வு நேர் கீழே வருகிற மாதிரி நிறுத்துங்கள். ஆக்சில் பக்கத்து ஷாஃப்ட் ஃபிளேஞ்சில் (முனையில் உள்ள வட்டத் தட்டில்) சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் எதிரே ஹவுசிங்கில் ஒரு கோடு. கோடு போடும் முன் சக்கரத்தைச் சுற்றப்போகும் திசையிலேயே லேசாகத் தள்ளி, பற்களுக்கு இடையே உள்ள ஆட்டத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஒருவர் சக்கரம், ஒருவர் ஷாஃப்ட். பதினாறு சுற்று முடிகிறவரை பின்பக்கமாகத் திருப்பவே கூடாது. முடிவில் இரண்டு கோடும் நேருக்கு நேர் நின்றால் உங்கள் பினியனுக்கு 8 பல். எண்ணிக்கை 39ஆ 43ஆ என்பது கிரவுனைச் சொல்லும்.

கோடு நேரே நிற்காவிட்டால் இன்னும் நல்லது, அதுவும் பதில்தான். 4.89 என்று இன்னொரு ஜோடி உண்டு, 44க்கு 9. தசமத்தில் பார்த்தால் 39க்கு 8க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் பதினாறு சுற்று முடிவில் 39 தாண்டி இன்னும் ஒன்பதில் ஒரு பங்கு போயிருக்கும், 40 டிகிரி. சாக்பீஸ் கோடு கண்ணுக்கு நன்றாகவே விலகித் தெரியும். 47க்கு 11, அதாவது 4.27 இருந்தால் 34 சுற்றும் கொஞ்சமும் வரும். கோடு சேர 22 சுற்று ஆகும்.

ஏன் இப்படிச் சேராத எண்களாகப் பார்த்து வைக்கிறார்கள் என்றால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துத் தொட வேண்டும் என்பதற்காக. 43க்கும் 8க்கும் 1ஐத் தவிர பொது வகுஎண் கிடையாது. ஒரே பல் ஒரே பல்லைத் திரும்பத் திரும்ப அடித்தால் தேய்மானம் ஒரே இடத்தில் விழும். வகுப்பில் பொது வகுஎண் நடத்தும்போது இந்த உதாரணத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

மீட்டர் விஷயம். மீட்டர் கம்பி டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அது எண்ணுவது ஷாஃப்டை, சக்கரத்தை அல்ல. 5.38க்கு அமைத்த மீட்டர், பின் ஆக்சில் 4.88 ஆகிவிட்டால், உண்மையான 60இல் ஏறக்குறைய 54தான் காட்டும். உங்கள் எண் அப்படியே பொருந்துகிறது. ஆனால் பெரிய டயர் போட்டாலும் மீட்டர் இதே மாதிரி குறைத்துத்தான் காட்டும். அதனால் இதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு டயர் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

போடிக்காரன்

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானுமாகச் செய்தோம். பட்டறை அண்ணன் சொன்னபடி முன்சக்கரம் இரண்டுக்கும் பலாக்கட்டை நான்கு. சமதளமான களத்தில்தான் வைத்தோம்.

டயர் 6.00-16, நான்கும் ஒரே கம்பெனி. முன்னும் பின்னும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர், வித்தியாசம் ஒரு விரல்கூட இல்லை.

பின் ஆக்சில். தம்பி அடியில் படுத்து ஷாஃப்டை எண்ணினான், நான் வால்வைப் பார்த்துச் சுற்றினேன். இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்திப் பார்த்தோம். ஐந்தாவது சுற்று முடிய அரைக்கால் பாக்கி, கோடு இன்னும் மேலே வரவில்லை. அப்போதே மனசுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பதினாறு முடித்தோம். முப்பத்தொன்பதில் கோடு கோட்டோடு வந்து நின்றது. நம்பாமல் இன்னொரு முறை ஆளை மாற்றிச் செய்தோம், மறுபடியும் 39, கோடு அதே இடம்.

முன் ஆக்சில். கட்டையைப் பின்சக்கரங்களுக்கு மாற்றி, டிரான்ஸ்ஃபர் லீவரை டூ வீலில் வைத்து, முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிச் சுற்றினோம். இரண்டு சுற்றுக்கே ஷாஃப்ட் ஐந்தைத் தாண்டி இன்னும் கால் சுற்றுக்கு மேலே போய்விட்டது. பதினாறில் 43.

ஆக, முன்னால் 5.38, பின்னால் 4.88. நாலு மாதமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தது இரண்டு வேறு வண்டியை.

பட்டறை அண்ணன்

நல்ல காரியம் செய்தீர்கள். இப்போது உங்கள் லீவர் ஏன் இறுகுகிறது என்று பாருங்கள். ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். பின்சக்கரம் 100 மீட்டர் போகிற நேரத்தில் முன்சக்கரம் 91 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே போகத்தான் பார்க்கும். மீதி ஒன்பது மீட்டரை யாராவது சறுக்கியே ஆக வேண்டும். சேற்றில் டயர் சறுக்கிவிடும், உங்களுக்குத் தெரியாது. சிமெண்டில் டயர் விடாது, அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்ட், அதன் மூட்டில் உள்ள கிராஸ், கியர் பல் எல்லாவற்றிலும் ஏறி நிற்கும். ரிவர்ஸ் போனால் முறுக்கு அவிழ்கிறது, லீவர் வருகிறது. சிமெண்டு ரோட்டில் எல்லா ஜீப்பும் இப்படி என்று சொன்னவர் வளைவை நினைத்துச் சொல்லியிருப்பார். நேர் பாதையில் முப்பது மீட்டரில் இறுகினால் அது விகிதம்தான்.

இனி சரி செய்கிறவரை ஃபோர் வீல் போடாதீர்கள். கட்டாயம் வந்தால் சேற்றுக்குள் மட்டும்.

இது எப்படி நடந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினை எடுத்து டீசல் போட்டிருக்கிறார்கள். டீசல் அவ்வளவு வேகமாகச் சுற்றாது, 5.38இல் ரோட்டில் கத்தும், வேகம் வராது. அதனால் பின்னால் மட்டும் கிரவுன் பினியன் மாற்றிவிட்டார்கள். அப்போது அந்த வண்டி சமவெளியில் ஓடியிருக்கும், ஃபோர் வீலே போட்டிருக்க மாட்டார்கள்.

4.88 ஒன்றும் ஜீப்புக்குப் புதிதல்ல. 1941 முதல் 1945 வரை போருக்குச் செய்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் அதுதான் இருந்தது. போர் முடிந்து அதே ஜீப்பை விவசாயிக்கு விற்க சிஜே 2ஏ ஆக்கியபோது, கலப்பை இழுக்க வேண்டும் என்று 5.38 ஆக்கினார்கள். நம் ஊரில் மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. உங்கள் 3பி அந்த விவசாய வரிசையில் வந்தது.

நாமக்கல் லாரி

அப்படியானால் முன்னாலும் 4.88 போட்டுவிடலாமே? ரோட்டில் வேகம் கிடைக்கும், டீசலும் மிச்சம். பின்னால் உள்ளது நல்ல செட் என்றால் ஏன் எடுக்க வேண்டும்?

கணக்கு வாத்தியார்

எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டாப் கியர் நேர் கியர், எஞ்சின் வேகத்திலேயே ஷாஃப்டும் சுற்றும். டயர் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 முறை சுற்றும். 5.38இல் எஞ்சின் ஏறக்குறைய 2,440, 4.88இல் 2,215. வித்தியாசம் 230க்குக் கொஞ்சம் கீழே.

மறுபக்கம், மலையில் ஊர்ந்து ஏறும் பலம். மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46. இரண்டையும் பெருக்கி 5.38ஆல் பெருக்கினால் 37. 4.88 என்றால் 33.6. எஞ்சின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. பாரம் ஏற்றிக்கொண்டு கல்பாதையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் எஞ்சின் பிடிக்கிற பிடி இந்த எண்ணில்தான் இருக்கிறது.

பட்டறை அண்ணன்

நாமக்கல் நண்பர் சமவெளியை நினைத்துப் பேசுகிறார், அவர் பக்கம் நியாயம்தான். ஆனால் போடித் தம்பி தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர். நான் 5.38 பக்கம்தான். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுவதைவிட இறக்கத்தில் வண்டி கைக்குள் இருப்பது பெரிது. போதாததற்கு மீட்டரும் தானாகச் சரியாகிவிடும்.

எதைச் செய்தாலும் கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாக உரசி ஜோடி சேர்த்துத்தான் அனுப்புவார்கள், இரண்டிலும் ஒரே எண் இருக்கும். அந்த எண் ஒத்துப்போகவில்லை என்றால் விலை பாதியாக இருந்தாலும் தொடாதீர்கள், ஊளையிட்டே தேய்ந்துவிடும். பழைய செட்டைக் கழற்றும்போது ஷிம்மை (இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகட்டை) எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு பல்லுக்குப் பல் ஆட்டம் 0.15 மில்லிமீட்டர் அளவில் டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பல்லில் நிறம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்கிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

போடிக்காரன்

மூன்று வாரம் ஆயிற்று, எழுத நேரமில்லை, ஏலக்காய் பறிப்பு.

5.38 ஆக்கிவிட்டேன். மூடியைத் திறந்தபோது கிரவுன் ஓரத்தில் 39 8 என்று தெளிவாகக் குத்தியிருந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு "நான் எண்ணியது சரிதானே" என்று பட்டறையில் இருந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். புது ஜோடியில் எண் ஒத்துப்போவதை நானே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஷிம் வைத்து, நிறம் தடவி, இரண்டு முறை பிரித்துப் போட்ட பிறகுதான் மெக்கானிக் சரி என்றார்.

வண்டியை வெளியே எடுக்கும் முன் மறுபடியும் தூக்கி எண்ணினோம். முன்னால் 43, பின்னால் 43.

நேற்று முழுப் பாரத்தோடு மேலே போனேன். சேறு முடிந்து சிமெண்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கையால் லீவரைத் தொட்டேன், வெண்ணெயில் கத்தி மாதிரி வந்துவிட்டது. போனில் 60, மீட்டரில் 59. பழைய 39க்கு 8 செட்டை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சமவெளியில் ஓட்டுகிற யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள்.

ஊட்டி ஜிப்ஸி

மகிழ்ச்சி. நான் அரைகுறையாகச் சொன்னதில் தொடங்கியது நல்லபடியாக முடிந்தது. இதைப் படித்துவிட்டு என் ஒரு லிட்டர் ஜிப்ஸியையும் தூக்கிப் பார்த்தேன். பதினாறில் கோடு சேரவில்லை, பதினெட்டில் சேர்ந்தது. ஷாஃப்ட் 37. அப்படியானால் 37க்கு 9, 4.11 என்று எழுதிக்கொண்டேன். வாத்தியார் ஐயா, சரிதானே?

கணக்கு வாத்தியார்

மிகச் சரி. முன் ஆக்சிலையும் எண்ணிவிட்டீர்களா?

ஊட்டி ஜிப்ஸி

இல்லை ஐயா, மழை பிடித்துவிட்டது. நாளைக் காலை, கட்டை வைத்துவிட்டு.